ஆல்ப்ஸ் மலைக்கு மார்கழியிலா, புரட்டாசியிலா?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 66. கணவருக்கு 71. அவருக்குப் பிரஷரும் சீனி வருத்தமும் உண்டு. இரண்டும் குளிசையில் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. எனக்கு முழங்கால் வலி. மகன் சுவிற்சர்லாந்தில் தூன் நகரில் குடும்பத்துடன் இருக்கிறான். நத்தார் விடுமுறைக்கு வந்தால் பனியைப் பார்க்கலாம் என்கிறான். ஆடி, ஆவணியில் வந்தால்தான் நடந்து திரியலாம் என்கிறாள் மருமகள். நானோ சித்திரை விடுமுறைக்கு நுவரெலியா போன இடத்தில் இரண்டு இரவும் குளிரில் நித்திரை கொள்ளாமல் கிடந்தவள். பதினோராயிரம் அடிக்கு மேலே இருக்கும் யுங்ஃப்ராவ் ரயில் நிலையத்துக்கு எங்களைக் கூட்டிப் போக வேண்டும் என்பது மகனின் ஆசை. எந்த மாதம் போகலாம்? அந்த உயரம் எங்களுக்கு ஒத்துவருமா? இங்கிருந்து என்ன உடுப்பு வாங்க வேண்டும்? கணவருக்குப் படுவான்கரையில் வயல் உண்டு என்பதையும் கவனத்தில் எடுத்துப் பதில் தாருங்கள்.

பதில்:

அம்மா,

புரட்டாசியில் போங்கள். செப்டம்பர் நடுப்பகுதியில் போய்ச் சேர்ந்து, ஒக்டோபர் 10 ஆம் திகதி அளவில் ஊர் திரும்புவதாகத் திட்டமிடுங்கள். ஐயாவின் வயலை வைத்துப் பார்த்தாலும் அந்தக் காலம்தான் பொருந்துகிறது. சிறுபோக வெட்டு முடிந்திருக்கும், மண்டூர்த் தீர்த்தமும் முடிந்திருக்கும், பெரும்போக விதைப்பு மும்முரமாகுமுன் வந்துவிடலாம். முதல் உழவை மட்டும் நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறவர்கள் என்றால், தூன் அடங்கும் பேர்ண் மாநிலத்தில் அவர்களுக்கு இலையுதிர்கால விடுமுறை தொடங்குவதும் செப்டம்பரின் பிற்பகுதியில்தான். திகதி ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும். மகனிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். அவரும் தன் விடுமுறையை நத்தாரிலிருந்து அந்த வாரங்களுக்கு மாற்ற முடியுமா என்று இப்போதே கேட்டு வைக்கட்டும்.

பனியைக் காட்ட வேண்டும் என்பதற்காக அவர் மார்கழியைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. யுங்ஃப்ராவ்யொக் ரயில் நிலையம் 3454 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 7 பாகை அளவில் இருக்கும். யூலை மாதத்தில்கூடச் சராசரி சுழியத்தை ஒட்டித்தான் நிற்கும். ஆல்ப்ஸ் மலைகளிலேயே நீளமான அலெட்ஷ் பனியாறு, 20 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்தில், அந்த நிலையத்தின் அடியிலிருந்துதான் இறங்கிப் போகிறது. புரட்டாசியில் போனாலும் உங்கள் கையால் பனியை அள்ளலாம். அன்று மாலையே கீழே வந்து, ஒரு சுவெட்டருடன் தூன் ஏரிக்கரையில் நடக்கவும் செய்யலாம். மார்கழியில் அந்த இரண்டாவது வசதி உங்களுக்குக் கிடைக்காது.

மார்கழியைப் பற்றி மகன் சொல்லாமல் விட்டவற்றை நான் சொல்கிறேன். அவர் மறைத்தார் என்பதல்ல. அங்கேயே வாழ்பவருக்கு அவை கண்ணில் படுவதில்லை. டிசம்பர் கடைசியில் அங்கே காலை எட்டு மணிக்குப் பிறகுதான் சூரியன் உதிக்கிறது, மாலை ஐந்து மணிக்கு முன்னரே மறைந்துவிடுகிறது. பேர்ண், சூரிச் போன்ற தாழ்வான பகுதிகளில் மூடுபனி ஒரு கூரையாகப் படிந்து நாட்கணக்கில் விலகாமல் நிற்பதுண்டு. அந்தக் கூரைக்கு மேலே, மலையில், நல்ல வெயில் எறித்துக்கொண்டிருக்கும். கீழே வீட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சாம்பல் நிறம்தான். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு அந்த நாட்களைத் தனியே கழிக்கப்போவது நீங்கள் இருவரும். முற்றமும் படலையும் வெயிலும் உள்ள வீட்டில் வாழ்ந்து பழகியவர்களுக்கு அது மிகவும் பாரமாக இருக்கும்.

அதைவிட எனக்குப் பயம் தருவது நடைபாதையில் உறையும் பனிக்கட்டி. விழுந்தவுடன் மெத்தென்று கிடக்கும் புதுப்பனி அவ்வளவு ஆபத்தில்லை. பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்த மெல்லிய படலம் கண்ணுக்கே தெரியாது. பஸ் தரிப்பிடத்திலும் வாசல்படியிலும் கிடக்கும். முழங்கால் நோவுடன் அதில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான். சுவிஸ் மலைவிடுதி ஒன்றில் நீண்டகாலம் வேலை செய்தவன் நான். குளிர்காலத்தில் வயதானவர்கள் அம்புலன்ஸில் போனதைப் பார்த்தபோதெல்லாம் மலையுச்சியில் நடந்த விபத்தைவிட விடுதி வாசலில் நடந்த விபத்துத்தான் அதிகம். பழகிய நண்பரோ உறவினரோ கேட்டாலும், முழங்கால் வருத்தம் உள்ளவர்களின் முதல் பயணத்துக்கு நான் மார்கழியைச் சொல்வதில்லை.

மருமகள் சொல்லும் ஆடி, ஆவணி மோசமான காலமல்ல. மலைப்பூக்கள் நிறைந்திருக்கும், யூலையில் இரவு ஒன்பது மணி கடந்தும் வெளிச்சம் இருக்கும். ஆனால் உலகமே அங்கே வந்து நிற்கும். ரயிலில் இருக்கை முன்பதிவு, கேபிள் காருக்கு வரிசை என்று நின்றுகொண்டே இருக்க வேண்டும். உங்கள் முழங்காலுக்கு நடப்பதைவிட நிற்பதுதான் கஷ்டமாக இருக்கும். பிற்பகலில் முகில் திரண்டு இடி மின்னலுடன் மழை கொட்டுவது கோடையில் வழக்கம். அது செப்டம்பரில் குறைந்துவிடுகிறது. ஊரில் ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தத்தையும் விட்டுப் போக வேண்டியிருக்கும்.

மற்ற மாதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் லவுற்றர்புறுனன் பள்ளத்தாக்கின் நீர்வீழ்ச்சிகள் பனி உருகி நிரம்பி விழுவது கண்கொள்ளாக் காட்சி. மேலே பாதைகள் சேறும் மிச்சப் பனியுமாக இருக்கும், சில மலை ரயில்கள் இன்னும் ஓடத் தொடங்கியிரா. நவம்பரில் போகவே வேண்டாம். இலை உதிர்ந்து முடிந்திருக்கும், பனி சரியாக விழுந்திருக்காது, கேபிள் கார்கள் பல பராமரிப்புக்காக மூடப்பட்டிருக்கும்.

இனி உங்கள் குளிர்ப் பயம். நுவரெலியாவில் நித்திரை வராமல் போனதற்குக் காரணம் வெளிக்குளிர் மட்டுமல்ல. அங்கே பெரும்பாலான வீடுகளிலும் விடுதிகளிலும் அறையைச் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. வெளியே 10 பாகை என்றால் அறைக்குள்ளும் ஏறக்குறைய அதே குளிர், தலையணையும் ஈரம், குளியலறைத் தரையும் ஐஸ். சுவிஸில் வெளியே உறைபனி விழுந்தாலும் வீட்டுக்குள் 20 பாகை அளவில் சூடாக வைத்திருப்பார்கள். பஸ், ரயில், கடை எல்லாம் அப்படியே. நீங்கள் குளிரைச் சந்திப்பது ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவு வரைதான். அந்தச் சூடு காற்றை வறட்டும். உதடு வெடிக்கும், தோல் அரிக்கும். இரவில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு படுத்தால் போதும்.

உயரத்தைப் பற்றிய உங்கள் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. அதற்கான பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நுவரெலியாவில் குளிர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இருவருக்கும் மூச்சு வாங்கியது, தலை சுற்றியது என்று எழுதவில்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சுவிஸ் மலையூர் என்று படங்களில் பார்க்கும் கிரிண்டல்வால்ட் 1034 மீற்றர்தான். கார்கள் போகாத அழகிய ஊரான மியூறன் 1638 மீற்றர். 1871 இல் ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில் ஓடத் தொடங்கிய ரிகி மலையின் உச்சிகூட 1800 மீற்றரைத் தொடவில்லை. நுவரெலியாவில் சாதாரணமாக மூச்சுவிட்டு நடந்தவர்களுக்கு இந்த இடங்களில் உயரத்தால் தொல்லை வராது என்று தைரியமாக நம்பலாம்.

யுங்ஃப்ராவ்யொக் வேறு கணக்கு. நம் நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2524 மீற்றர்தான். அதற்கு மேலே இன்னும் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது ஊரில் கிடைக்கும் ஒட்சிசனில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. வழக்கமாக நடக்கும் வேகத்தில் நடந்தாலே இளைக்கும். தலையிடி, குமட்டல், கால் தள்ளாடுவது போன்ற உணர்வு வரலாம். சுகதேகிகளுக்கு அது பெரும்பாலும் சிறு அசௌகரியத்தோடு போய்விடும். ஐயாவைப் போன்ற ஒருவருக்கு வைத்தியர் சம்மதம் தந்த பிறகுதான் டிக்கெட்டைப் பற்றிப் பேசவே வேண்டும்.

ஆகவே ஓகஸ்ட் மாத கிளினிக்கில் வைத்தியரிடம், "3400 மீற்றருக்கு மேலே ரயிலில் போய் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு அன்றே இறங்கப்போகிறோம்" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். வெளிநாடு போகிறோம் என்று மட்டும் சொன்னால் அவர் விமானத்தைப் பற்றித்தான் யோசிப்பார். இதயத்துக்கு ஏதாவது பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. மகனின் ஆசைக்காக ஐயா தன்னைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. முடிந்தால் போகுமுன் ஒரு தடவை செங்கலடியால் திரும்பிப் பதுளை வீதியால் மலைநாட்டுக்குப் போய், 2100 மீற்றர் உயரமுள்ள ஹோட்டன் சமவெளியில் அரைமணி நேரம் மெதுவாக நடந்து பாருங்கள். உங்கள் முழங்காலுக்கும் அது நல்ல ஒத்திகை.

வைத்தியர் சரி என்று சொன்னால், ஏறும் வழியை நான் சொல்கிறபடி அமையுங்கள். 2020 டிசம்பரிலிருந்து கிரிண்டல்வால்டில் புதிய கேபிள் கார் ஓடுகிறது. கால் மணி நேரத்தில் 2300 மீற்றருக்குத் தூக்கிவிடும். அங்கிருந்து ரயில் ஏறினால் அரைமணி நேரத்துக்குள் 3454. மகன் நேரத்தை மிச்சம்பிடிக்க அதைத்தான் தெரிவு செய்வார். நீங்கள் லவுற்றர்புறுனன், வெங்கன் வழியாகப் பழைய பற்சக்கர ரயிலில் போங்கள். 2061 மீற்றரில் கிளைன ஷைடெக் என்ற நிலையம் வரும். அங்கே இறங்கி ஒரு மணி நேரம் தேநீர் குடித்துக்கொண்டு ஐகர் மலையின் செங்குத்துச் சுவரைப் பாருங்கள். அதன் பிறகு ஏறும் ரயில் அந்த ஐகரையும் அடுத்துள்ள மோஞ்ச் மலையையும் உள்ளே குடைந்து போகிறது. 1896 இல் தொடங்கி 1912 வரை பதினாறு ஆண்டுகள் பாறையை உடைத்துப் போட்ட பாதை அது. மேலே போனதும் ஓடியாடி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். பார்வைத் தளத்துக்கு மின்தூக்கி இருக்கிறது. பனி மாளிகை என்று ஒன்றிருக்கிறது. தரையே பனிக்கட்டி, உங்கள் முழங்காலுக்கு அது வேண்டாம். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுங்கள். யாருக்காவது தலையிடியோடு குமட்டலும் சேர்ந்து வந்தால், "சற்று இருந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்காமல் அடுத்த ரயிலிலேயே கீழே வர வேண்டும். உயரத்தால் வரும் வருத்தத்துக்கு நம்பத்தகுந்த மருந்து இறங்குவதுதான்.

மகனிடம் நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டிய விடயம் ஒன்று உண்டு: மலைக்குப் போகும் நாளை முன்கூட்டியே குறிக்க வேண்டாம். நம் ஆட்கள் ஊரிலிருந்து புறப்படுமுன்னரே "செவ்வாய் யுங்ஃப்ராவ், வியாழன் ரிகி" என்று அட்டவணை போட்டுவிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை மேலே முகில் மூடியிருந்தால், அங்கே நிற்பதும் வெள்ளைச் சுவரொன்றின் முன்னால் நிற்பதும் ஒன்றுதான். இன்டர்லாக்கனிலிருந்து போய்வர ஒருவருக்கு முழுக் கட்டணம் 200 பிராங்கைத் தாண்டும். அந்தக் காசுக்கு ஒரு மலையும் தெரியாமல் திரும்பி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாவியில் தோணியைத் தள்ளுமுன் வானத்தைப் பார்ப்பவர்கள் நாம். மலைக்கும் அதையே செய்யுங்கள். உச்சியில் பொருத்திய கமராக்களின் படத்தைக் கைத்தொலைபேசியிலேயே நேரடியாகப் பார்க்கலாம். தூனில் மழை தூறினாலும் மேலே வெயில் இருக்கலாம். கீழே வெயில் இருந்தும் மேலே மூடியிருக்கலாம். ஆகையால் வீட்டு யன்னலை நம்பாமல் காலையில் அந்தப் படத்தைப் பாருங்கள். நான்கு வார காலத்தில் நல்ல நாள் கட்டாயம் வரும். மகன் அந்தக் காலத்தில் விடுமுறையை ஒரே வாரத்தில் முடிக்காமல், நினைத்த நாளில் எடுக்கக்கூடியதாக இரண்டு மூன்று நாட்களைத் தனியே வைத்துக்கொள்ளட்டும். மலிவு என்பதற்காகத் திகதி மாற்ற முடியாத டிக்கெட்டை வாங்கி அந்தச் சுதந்திரத்தை விற்றுவிடாதீர்கள். அதற்குப் பதிலாகச் சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு மாத அரைக்கட்டண அட்டையை எடுத்தால், பெரும்பாலான ரயில், பஸ், படகு, மலை ரயில் கட்டணங்கள் பாதியாகிவிடும்.

அந்த நாளுக்குக் காத்திருக்கும் வேளையில் தூனைச் சுற்றியே பார்க்க நிறைய இருக்கிறது. முதல் மூன்று நான்கு நாட்கள் ஏரிக்கரை நடையும் படகுப் பயணமும் போதும். நித்திரை நேரம் சரியாக வரட்டும். பிறகு நீசன் மலைக்குப் போங்கள். தூன் ஏரிக்கு மேலே கூம்பாக நிற்கும் 2362 மீற்றர் மலை. 1910 முதல் அதன் உச்சி வரை கம்பி ரயில் ஓடுகிறது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், புரட்டாசியில் ஓடும். இன்னொரு நாள் மியூறன். அந்த ஊர்த் தெருவில் ஒரு வாங்கில் உட்கார்ந்தால் ஐகர், மோஞ்ச், யுங்ஃப்ராவ் மூன்றும் பள்ளத்தாக்குக்கு அப்பால் நேர் எதிரே நிற்கும். என்னைக் கேட்டால் யுங்ஃப்ராவ் மலையைப் பார்க்க அதன் தோளில் ஏறி நிற்பதைவிட மியூறனில் இருந்து பார்ப்பதுதான் அழகு. ஐயாவுக்கு வைத்தியர் உயரத்தை மறுத்துவிட்டால் கவலைப்படவே வேண்டாம். மியூறனில் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை.

நடக்கும்போது வழிகாட்டிப் பலகையின் நிறத்தைக் கவனியுங்கள். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று கோடு கண்டால் அது செங்குத்தான மலைப்பாதை, திரும்பிவிடுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைக் கொல்லும் என்பதால் இறக்கத்துக்கும் கேபிள் காரையே பிடியுங்கள். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 144, மலை மீட்பு ஹெலிகொப்டர் 1414.

உடுப்புக்காக இங்கே காசு செலவழிக்காதீர்கள். மகன் வீட்டில் இரவல் ஜக்கெட் கட்டாயம் இருக்கும். இல்லாவிட்டால் அங்குள்ள பழைய பொருட்கள் விற்கும் கடைகளில் நல்லதாகவே கிடைக்கும். தடித்த ஒன்றைவிட மெல்லியவை மூன்று நல்லது: உடம்போடு ஒட்டிய உள்ளுடுப்பு, அதன்மேல் கம்பளி, வெளியே காற்றும் மழையும் புகாத ஜக்கெட். உள்ளுடுப்புப் பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையில் நனைந்து உடம்பைக் குளிரச் செய்துவிடும். சேலைதான் உடுப்பேன் என்றால் தாராளமாக உடுங்கள், உள்ளே நீளக் கம்பளிக் காற்சட்டை போட்டுக்கொண்டு. மலைக்குப் போகும் நாளில் மட்டும் காற்சட்டையோ சல்வாரோ நல்லது, கரை காலில் சிக்கினால் படியில் விழுந்துவிடுவீர்கள். கறுப்புக் கண்ணாடியை இருவரும் மறக்க வேண்டாம். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கடுமையாகும். புதுப்பனி அதன் பெரும்பகுதியை மீண்டும் முகத்திலேயே வீசும். முகில் நாளிலும் கண் எரியும்.

சப்பாத்து மட்டும் இங்கேயே வாங்கிப் பழகுங்கள். அடியில் பள்ளமான பிடிப்புள்ளது, தடித்த மேசு போட்டாலும் விரல் அசையக்கூடியது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் கால் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால் ஐயா தினமும் இரவில் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குளிர்ந்துபோன காலை ஹீற்றர்மேல் வைப்பது, சுடுதண்ணீரில் விடுவது இரண்டும் கூடாது, வெந்தாலும் தெரியாது. மலைக்குப் போகும் நாளில் உணவு நேரம் தவறுவது சாதாரணம். கட்டுச்சோறும் பிஸ்கட்டும் குளிசையும் பெரிய பையில் இல்லாமல் அவர் மடியில் இருக்கும் பையிலேயே இருக்கட்டும். ரயிலில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அங்கே தடையில்லை.

விசாவுக்குப் பயணத் திகதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். செப்டம்பர் பயணம் என்றால் சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் கடிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்: மகனின் அழைப்புக் கடிதம், அவருடைய வதிவிட அனுமதிப் பிரதி, உங்கள் பென்சன் விபரம், வங்கிக் கூற்று, வயலின் உறுதி. திரும்பி வருவீர்கள் என்பதற்கு வயலைவிட நல்ல சாட்சி எது? குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் காப்புறுதி கட்டாயம். மலிவானதைத் தேடுவதைவிட, ஏற்கெனவே உள்ள பிரஷர், சீனி வருத்தங்களால் வரும் சிகிச்சையையும் மலை மீட்பையும் அது ஏற்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குளிசைகளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய வைத்தியரின் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். மாத்திரைகளை நாலு வாரத்துக்கு மேலாகவே எடுத்துப் போங்கள், அதில் பாதி ஐயாவின் கைப்பையிலும் மற்றப் பாதி உங்கள் கைப்பையிலும்.

வைத்தியர் சொன்ன பதிலும் பேரப்பிள்ளைகளின் விடுமுறைத் திகதியும் தெரிந்ததும் மறுபடி எழுதுங்கள். எந்த வாரத்தில் எதைப் பார்க்கலாம் என்று ஐயாவின் உடல்நிலைக்கு ஏற்ப வரிசைப்படுத்தித் தருகிறேன். நாட்களை மட்டும் மகனும் வானமும் தீர்மானிக்கட்டும்.